பட்டத்துக்காக அணி மாறுவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா?

2010 ஜூலையில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இரண்டு பெரிய வீரர்கள் எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் இருந்தார்கள். இருவரும் அதுவரை சாம்பியன் பட்டம் வென்றதில்லை. லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போவதாகத் தொலைக்காட்சி நேரலையில் அறிவித்தார். டிர்க் நோவிட்ஸ்கி எந்த ஆரவாரமும் இல்லாமல் டல்லாஸிலேயே 4 ஆண்டுகளுக்கு 8 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அடுத்த ஜூனில் இறுதித் தொடரில் இருவரும் நேருக்கு நேர் மோத, டல்லாஸ் 4-2 என்று வென்றது.

அண்ணன் மகனுக்கு முதல் ஜெர்சி வாங்கப் போனபோது லெப்ரான், கெவின் டுரான்ட், நோவிட்ஸ்கி என்று மூன்று பெயர்கள் மனதில் இருந்தன. நான் எடுத்தது நோவிட்ஸ்கியின் 41ஆம் எண் ஜெர்சி. ஏன் இவர் என்று அவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விசுவாசம், துரோகம் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2025 பிப்ரவரியில் இதே டல்லாஸ் அணி, 25 வயதான தன் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை ஒரே இரவில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அணிகள் அப்படி நடந்துகொள்ளும்போது, வீரனிடம் மட்டும் விசுவாசம் கேட்பது நியாயமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது சம்பளக் கணக்கு. என்பிஏவில் ஒவ்வொரு அணிக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. வெளியிலிருந்து பெரிய வீரரை நேரடியாக ஒப்பந்தம் செய்ய அந்த வரம்புக்குள் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆனால் தன்னிடம் ஏற்கெனவே ஆடிவரும் வீரரை வரம்பைத் தாண்டியும் தக்கவைத்துக்கொள்ளலாம். 2023க்கு முந்தைய விதிகளில், ஓர் எல்லைக்கு மேல் போனால் உரிமையாளர் சொகுசு வரி கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனவே நட்சத்திரம் அணி மாறும்போது போய்ச் சேரும் அணி பலரை வெளியேற்றி இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்றால், உரிமையாளர் பணப்பையைத் திறக்கும் வரை அவரைச் சுற்றி ஆள் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது.

2011 இறுதித் தொடரில் நடந்தது இதுதான். லெப்ரான், டுவேன் வேட், கிறிஸ் போஷ் மூவரையும் சேர்க்க மயாமி ஏறக்குறைய அணி முழுவதையும் காலி செய்திருந்தது. மிச்ச இடங்களை நிரப்பியவர்கள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்த மூத்த வீரர்கள். மறுபக்கம் டல்லாஸ் உரிமையாளர் மார்க் கியூபன் சொகுசு வரியைக் கட்டியபடியே ஜேசன் கிட், ஷான் மேரியன், ஜேசன் டெர்ரி எல்லோரையும் வைத்திருந்தார். போதாதென்று 2010 கோடையில் டைசன் சாண்ட்லரையும் கொண்டுவந்தார். ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் நோவிட்ஸ்கி 12 முறை எறிந்து ஒரே ஒரு முறைதான் கூடையில் போட்டார். எந்த நட்சத்திரத்துக்கும் வரக்கூடிய கெட்ட நேரம் அது. அந்தப் பாதியில் மாற்று வீரராக வந்த டெர்ரி 19 புள்ளிகள் எடுத்து அணியைத் தாங்கிப் பிடித்தார். இரண்டாம் பாதியில் நோவிட்ஸ்கி மீண்டு வந்தார். என் வாதத்துக்கு அந்த முதல் பாதி ஒன்றே போதும்.

லெப்ரானுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத்தான் வேண்டும். மயாமியில் நான்கே ஆண்டுகள். நான்கிலும் இறுதித் தொடர். 2012, 2013 பட்டங்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் நோவிட்ஸ்கியின் 21 பருவங்களில் கிடைத்தது ஒன்றுதான்.

டுரான்டின் கதையில்தான் என் நிலைப்பாடு கொஞ்சம் தடுமாறுகிறது. 2012இல் லெப்ரானின் மயாமியிடம் இறுதித் தொடரை இழந்த சில மாதங்களில், அவர் ஆடிய ஓக்லஹோமா சிட்டியின் நிர்வாகம் சம்பளப் பேச்சு படியாமல் சக வீரர் ஜேம்ஸ் ஹார்டனை ஹியூஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. அதே ஹார்டன் 2018இல் லீகின் மிகச் சிறந்த வீரர் ஆனார். கைக்கு வந்த அணியை இப்படிக் கலைக்கும் நிர்வாகத்திடம் ஒருவர் எத்தனை காலம் பொறுத்திருப்பார்? டுரான்ட் கிளம்பியதில் எனக்குக் குறையில்லை, போன இடம்தான் உறுத்துகிறது. அவர் சேர்ந்தது கோல்டன் ஸ்டேட்டில். 2015-16 பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற அந்த அணிதான், 2016இல் அவருடைய அணியை ஒரு தொடரில் 1-3 என்ற பின்னடைவிலிருந்து மீண்டு வீழ்த்தியிருந்தது. அந்த ஆண்டு உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 40 லட்சமாகத் தாவியதும், அங்கிருந்த நட்சத்திரம் ஸ்டீபன் கரி பழைய ஒப்பந்தப்படி சுமார் 1 கோடியே 20 லட்சத்துக்கு ஆடிக்கொண்டிருந்ததும்தான் அவருக்கு இடம் கொடுத்தன. இரண்டு பட்டங்கள் கிடைத்தன. இரண்டு முறையும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவரே. ஆனாலும் அவர் வருவதற்கு முன்பு 2015இலும், போன பிறகு 2022இலும் அந்த அணி வென்றிருக்கிறது. அதனால் அந்த இரண்டு பட்டங்களையும் முழுமையாக அவர் பெயரில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இருந்த இடத்தில் நிற்பதிலும் ஆபத்து உண்டு. பட்டம் வென்ற சில மாதங்களிலேயே, புதிய வரி விதிகளைக் கணக்குப் போட்டு டல்லாஸ் சாண்ட்லரைப் போகவிட்டது. அதன் பிறகு நோவிட்ஸ்கி ஓய்வு பெறும் வரை பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளில் (பிளே ஆஃப்) ஒரு தொடரைக்கூட அந்த அணி வெல்லவில்லை. 2014இல் அவரே சம்பளத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டும் பலனில்லை. மில்வாக்கியில் ஜூரு ஹாலிடேயை நிர்வாகம் கொண்டுவந்த பிறகு அந்த அணியின் நட்சத்திரம் யானிஸ் அன்டெடோகும்போ அங்கேயே நிற்க நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2021இல் பட்டம் வந்தது. பிறகு அதே ஹாலிடேயைக் கொடுத்து டேமியன் லில்லர்டை வாங்கினார்கள். அந்தக் கூட்டணிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆக, நிற்பவருக்கும் நிர்வாகத்தின் தயவு வேண்டியிருக்கிறது.

தொழில்முறை வாழ்வின் கடைசிக் கட்டத்தில் மாறுபவர்கள் வேறு கணக்கு. 2003இல் கார்ல் மலோனும் கேரி பேட்டனும் சம்பளத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு லேக்கர்ஸுக்குப் போய், இறுதித் தொடரில் டெட்ராய்டிடம் தோற்றார்கள். ரே ஆலன் 36 வயதில் பாஸ்டனிலிருந்து மயாமிக்கு மாறினார். 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பில், மூலையிலிருந்து அவர் எறிந்த மூன்று புள்ளி இல்லையென்றால் மயாமிக்கு அந்தப் பட்டம் இல்லை. இந்த மாற்றத்துக்கு நான் முழு ஆதரவு. இவர்கள் விட்டுக்கொடுத்தது தங்கள் சொந்தச் சம்பளத்தை. இவர்களுக்காக எந்த அணியும் தன் டெர்ரியை வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை.