பரணில் பதினோரு மாதம்: எம்டிஎஃபா, அக்ரிலிக்கா, பிளைவுட்டா?

கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு போகிற வீடுகளுக்கெல்லாம், அச்சுமுறுக்கோடு சேர்த்து மரத்தில் தொங்கவிட ஒரு லேசர் கட்டிங் வட்டமும் கொடுப்பது எனக்குச் சில வருஷ வழக்கம். உள்ளே நட்சத்திரமோ குடிலோ இருக்கும், கீழே அந்த வீட்டாரின் பேர் இருக்கும். எம்டிஎஃப், அக்ரிலிக், பிளைவுட் மூன்றிலும் செய்து பார்த்தாகிவிட்டது. வெட்டி வாங்கி வந்த அன்றைக்கு மூன்றுமே அழகுதான். ஆனால் டிசம்பரில் சில வாரம் தொங்குகிற இந்தப் பொருள் மிச்ச நாளெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் பரணில் கிடக்கிறது. அடுத்த வருஷம் பெட்டியைத் திறக்கும்போது எது எப்படி இருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

எம்டிஎஃப் விலை குறைவு. மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை என்பதால் உள்ளே முடிச்சோ இடைவெளியோ கிடையாது. லேசர் எங்கும் தடுமாறாது, கோலம் மாதிரி மெல்லிய வேலைப்பாடுகூடச் சுத்தமாக வரும். வெட்டிய விளிம்பு மட்டும் கரியாகக் கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டும். பிசின் கருகிய வாடை லேசில் போகாது. முதல் வருஷம் இது தெரியாமல் பலகாரத் தட்டிலேயே வைத்து அனுப்பிவிட்டேன். அந்த வருஷ முறுக்கில் புகை மணம்! அப்புறம், ஈரம் இதற்கு ஆகவே ஆகாது. ஒரு மழைக்காலம் பரணில் இருந்தால் விளிம்பு உப்பிவிடும். முன்னும் பின்னும் விளிம்பிலும் பிரைமர் அடித்துப் பெயிண்ட் பூசினால் தாங்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதென்றால் தாராளமாக இதையே வாங்கலாம். மற்றபடி நான் விட்டுவிட்டேன்.

அக்ரிலிக் என்பது கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். அதை ஈரமும் பூச்சியும் ஒன்றும் செய்யாது. கார்பன் டை ஆக்சைடு லேசரில் வெட்டினால் விளிம்பு தேய்க்காமலே பளபளக்கும். (அந்த லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல்.) வீட்டு உபயோகத்துக்கு வருகிற சின்ன டயோடு லேசரில் இந்த வேலை நடக்காது. அதன் நீல ஒளி, நிறமில்லாத அக்ரிலிக்கைக் கண்ணாடியைப் போலக் கடந்து போய்விடும். கறுப்பு என்றால் வெட்டும். ஷீட் வாங்கும்போது காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். அதில்தான் பேர் பொறித்தால் வெள்ளையாகத் தெரியும். எக்ஸ்ட்ரூடட் ரகத்தில் எழுத்து மங்கிப்போகும்.

குறை அதன் எடையில் இருக்கிறது. 3 மி.மீ. தடிமனில் 8 செ.மீ. வட்டம் அக்ரிலிக்கில் சுமார் 18 கிராம், பிளைவுட்டில் 10 கிராம்தான் வரும். இது ஒரு பெரிய வித்தியாசமா என்று தோன்றும். ஆனால் சவுக்குக் கிளையைக் கொண்டுவந்து வாளி மணலில் நட்டு மரமாக்குகிற வீட்டில், அந்தத் துடைப்பக்குச்சிக் கிளைகள் அக்ரிலிக்கைத் தாங்காமல் தலை குனிந்துவிடும். கீழே விழுந்தால் முதலில் உடைவது நூல் கோக்கும் துளைதான். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே 3 மி.மீ.யாவது விடுங்கள்.

என் ஓட்டு பிளைவுட்டுக்கு. அதிலும் 3 மி.மீ. பிர்ச், அதாவது பிர்ச் என்ற மரத்தில் செய்த பிளைவுட். வெளிர் மரத்தில் பழுப்பாக எரிந்த எழுத்துக்கு உள்ள அழகு மற்ற இரண்டிலும் இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற நல்ல வாட்டர்புரூஃப் பிளைவுட்டை எடுத்துப்போய் ஒருமுறை ஏமாந்தேன். அதன் அடுக்குகளை ஒட்டியிருக்கிற, தண்ணீருக்கு அசையாத ஃபீனாலிக் பசை லேசருக்கும் லேசில் அசையாது. உள்ளடுக்கில் ஒட்டுப்போட்ட இடம் வந்தால் பாதியில் வெட்டு நின்றுவிடும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டச் சொன்னால் புகைக்கறை படியாது. பரணில் வைக்கும்போது படுக்கையாக அடுக்கி மேலே கனமாக எதையாவது வையுங்கள், இல்லையென்றால் வளையும்.

சைன்போர்டு கடைகளில் மிச்சம் கிடக்கும் பிவிசி ஃபோம் ஷீட்டை மட்டும் லேசருக்குக் கொடுக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும்.

எந்தப் பலகை என்றாலும் தமிழ்ப் பேரை வெட்டாதீர்கள், பொறியுங்கள். ‘ஸ்டீபன்’ என்று எழுத்துகளையே வெட்டி எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி, “சார், புள்ளியெல்லாம் தனியா வந்துடுச்சு” என்று ஒரு சின்ன கவரை நீட்டினார். தமிழில் எழுத்தோடு எழுத்து சேராது, புள்ளி அந்தரத்தில் நிற்கும். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் அடியில் ஒரு பட்டை கொடுத்து எல்லாவற்றையும் அதில் இணைக்க வேண்டும். ஃபைலைக் கொடுக்கும் முன் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக, மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும்.

இன்னொரு கணக்கு. 30 செ.மீ. சதுர ஷீட்டில் 8 செ.மீ. வட்டங்களை நேர் வரிசையாக அடுக்கினால் 9. 7 செ.மீ. ஆக்கினால் 16. இந்த வருஷம் 7 செ.மீ.தான், எல்லாம் பிர்ச்சில். இரண்டு வீட்டுக்கு மட்டும் அக்ரிலிக். அவர்களிடம் இருப்பது பிளாஸ்டிக் மரம், கிளைக்குள் கம்பி.