சாவித்திரிபாய் பூலே பட அட்டைகள்: வாங்கலாம், ஒரு பெரிய குறையோடு

வியாசர்பாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருவது பெரும்பாலும் ஐந்தாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பெண்பிள்ளைகள். அவர்களுக்காகப் பெரம்பூரில் ஒரு புத்தகக் கடையில், பெண்கல்விக்காகப் பாடுபட்ட சாவித்திரிபாய் பூலேயின் கதையைச் சொல்கிற இந்தத் தொகுப்பை வாங்கினேன். பன்னிரண்டு அட்டைகள், 220 ரூபாய். முன்பக்கம் படம், பின்பக்கம் கதை. அட்டை நல்ல கெட்டி. ஆனால் பளபளப்பான லேமினேஷன் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னுவதால், பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் படமே தெரியவில்லை.

எல்லோரும் முதலில் பிடித்துக்கொண்டது பள்ளிக்கூட அட்டையை. 1848, புனேயில் பிடேவாடா என்கிற வீட்டில் நடந்த பள்ளி. பதினேழு வயசு சாவித்திரிபாய் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறார்; அது பிடிக்காதவர்கள் வழியில் சாணியும் சேறும் எறிகிறார்கள். போய் மாற்றிக்கொள்ள இன்னொரு சேலை எடுத்துப் போகிறார். அழுக்கான சேலை ஜன்னலில் காய, உள்ளே அவர் பாடம் நடத்துவதாக ஓவியர் வரைந்திருக்கிறார். "திரும்பி வரும்போதும் எறிவாங்களே அக்கா, அப்போ எதைக் கட்டுவாங்க?" என்று ஒரு ஏழாவது படிக்கிற பிள்ளை கேட்டாள். அதைப் பேசியே அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது.

அவரோடு சேர்ந்து பாடம் சொல்லித்தந்த பாத்திமா ஷேக்குக்குத் தனி அட்டை கொடுத்தது ரொம்பச் சரி. 1856இல், உடம்பு முடியாமல் பிறந்த வீட்டில் இருந்தபோது சாவித்திரிபாய் கணவருக்கு எழுதிய கடிதம் அதில் வருகிறது. தான் இல்லாததால் பாத்திமாவுக்கு எவ்வளவு சிரமமோ என்று அதில் கவலைப்படுகிறார்.

அப்புறம் அந்தக் குறை. கர்ப்பமான விதவைகள் பயமில்லாமல் பிள்ளை பெற்றுக்கொள்ள சாவித்திரிபாயும் அவர் கணவர் ஜோதிராவும் ஒரு இல்லம் நடத்தினார்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு விதவையின் மகனான யஷ்வந்த்தைத்தான் தத்தெடுத்து டாக்டராக்கினார்கள். இதைச் சொல்லாமல் விட்டதால், கடைசி அட்டையில் யஷ்வந்த் திடீரென்று வந்து நிற்கிறார். யார் இவர் என்று பிள்ளைகள் முழிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டிருப்பார்கள் போல. நான் வாயாலேயே சொன்னேன். ஒரு பிள்ளைகூட அசையாமல் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாத துக்கமா இது?

அந்தக் கடைசி அட்டைக்காகவே இதை வாங்கலாம். 1897, புனேயில் பிளேக். நோய் கண்ட ஒரு சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு சாவித்திரிபாய் யஷ்வந்த்தின் மருத்துவமனைக்கு வருகிறார். அதில் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்துபோனார். அப்போது அவருக்கு 66 வயசு. வளைந்த முதுகும், தொங்குகிற பையனின் காலும்தான் படம் முழுக்க.

பளபளப்பைக் குறைத்து, அந்த இல்லத்துக்கும் ஒரு அட்டை சேர்த்து மறுபடி அச்சடித்தால் இன்னொரு செட் வாங்குவேன். பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கிற பெண் இப்போதே என்னுடையதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.