தட்டிக் கடக்க ஆளில்லாத அணிக்கு எந்த வழி?

பந்தைத் தரையில் தட்டியபடியே தடுப்பவரைத் தாண்டிப்போக ஆளில்லை: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த நோயை ஸ்கோரைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாக்குதலில் எறி போயாக வேண்டிய நேரத்தை எண்ணும் ஷாட் கிளாக்கில் இருப்பது 30 வினாடிகள். பாதி நேரம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்து கைமாறிக்கொண்டே இருக்கும். எதிரணியில் ஒருவர்கூட இடம் பெயர்ந்திருக்க மாட்டார். கடிகாரம் எட்டைத் தொடும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில் பொறுப்பு விழும். அவர் இரண்டு தட்டு தட்டி உள்ளே நுழைவார், எதிரே இருவர் நிற்பார்கள், உடம்பை வளைத்து ஏதோ ஓர் எறி. தன்னைத் தடுப்பவரைத் தட்டிக் கடக்க ஐவரில் ஒருவராலும் முடியாத அணி இப்படித்தான் ஆடும். அரங்கில் இருப்பவர்கள் "உள்ளே போ" என்று கத்துவார்கள். போக முடிந்தால் போயிருக்க மாட்டானா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கல்லூரி ஆட்டத்தில் கூடமும் கொஞ்சம் கோணல்தான். தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் தடுப்பவர் ஒருவர் யாரையும் காக்காமல் கூடையடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது; கல்லூரியில் அந்த விதி இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கூடையடிப் பட்டையின் அகலம் என்.பி.ஏ.வில் 16 அடி, கல்லூரியில் 12 அடி. அதனால் உதவிக்கு வருபவர் ஓரடி எடுத்து வைத்தாலே வழியை அடைத்துவிடுகிறார். பயிற்சியாளர் டிக் பென்னட் வகுத்து, அவர் மகன் டோனி பென்னட் வர்ஜீனியாவில் பெயர் பெறச் செய்த 'பேக் லைன்' தற்காப்பு இதையே கோட்பாடாக்கியது: பந்தைக் காப்பவரைத் தவிர மற்ற நால்வரும் கூடையைச் சுற்றிக் கற்பனையாக வரைந்த ஒரு வளைவுக்குள் ஒடுங்கி நிற்பார்கள். முதல் ஆளைத் தாண்டினாலும் அடுத்த ஆள் தயார்.

விதி வகுப்பவர்கள் தாக்குபவர் பக்கம் சாயாமல் இல்லை. 2013-14 இல் தடுப்பவர் கையால் தள்ளிப் பிடிப்பதற்குக் கெடுபிடி வந்தது. 2019-20 இல் ஆடவர் மூன்று புள்ளிக் கோடு பன்னாட்டுத் தொலைவான 6.75 மீட்டருக்குப் பின்தள்ளப்பட்டதால் களம் சற்று விரிந்தது. 2023-24 இல், தாக்குபவர் எம்பக் காலூன்றும் முன்பே தடுப்பவர் தன் இடத்தில் நிலைபெற்றிருக்க வேண்டும் என்றானது. இவையெல்லாம் உள்ளே நுழையத் தெரிந்தவனுக்கு உதவி. நுழையவே முடியாத அணிக்கு என்ன பயன்? அதன் பயிற்சியாளர் முன்னால் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பால் ஸ்கிரீன்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பந்து வைத்திருப்பவரின் பக்கத்தில் உயரமான வீரர் ஒருவர் வந்து சுவராக நிற்பார். பந்துக்காரர் அவரை உரசிக்கொண்டு போவார். தடுப்பவர் சுவரில் மோதித் தாமதப்படுவார். சொந்த வேகத்தால் கிடைக்காத அரை வினாடியை இப்படிக் கடன் வாங்கலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எப்போது பொய்க்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தட்டிக் கடக்க முடியாத கார்டு வீரர்கள் (வெளியே நின்று பந்தை நடத்துபவர்கள்) இரு வகை. ஒருவருக்குக் கால் வேகம் போதாது, ஆனால் நின்று எறிந்தால் விழும். இன்னொருவருக்கு வேகம் உண்டு, எறிதான் விழாது; அவரைத் தடுப்பவர் நான்கடி பின்னால் நின்றுகொண்டு அந்த வேகத்தைச் செல்லாக்காசாக்குகிறார். முதல் வகையினருக்கு பால் ஸ்கிரீன் மருந்து. தடுப்பவர் சுவருக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தால் அந்த இடைவெளியில் மூன்று புள்ளி எறி போய்விடும் என்பதால், அவர் சுவரின் மேல்பக்கமாகவே துரத்தியாக வேண்டும்; துரத்தினால் பின்தங்குவார். இரண்டாம் வகையினருக்கு இது வெறும் சடங்கு. தடுப்பவர் நிதானமாகப் பின்பக்கம் சுற்றி மறுபுறம் காத்திருப்பார். எதிரணி ஆளை மாற்றிக்கொண்டாலும் நிலைமை மாறாது: எதிரே உயரமான, மெதுவான சென்டர் வந்து நிற்கிறார், இவரால் அவரையும் தாண்ட முடியவில்லை.

வர்ஜீனியாவின் இரண்டு ஆண்டுகளே நல்ல ஒப்பீடு. டோனி பென்னட்டின் பழைய முறையில் இருவர் திரையிட்டுக்கொண்டே, அதாவது சுவராக நின்று வழிமறித்துக்கொண்டே இருப்பார்கள், மூவர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். பந்தைத் தட்டுவதற்கு அதில் அதிக வேலை இல்லை. 2018 இல், தரவரிசையில் முதலிடத்துடன் பருவ இறுதித் தேசியப் போட்டிக்குள் வந்த அந்த அணி யூ.எம்.பி.சி. என்ற கல்லூரியிடம் 74-54 எனத் தோற்றது. ஆடவர் போட்டி வரலாற்றில் முதல்நிலை அணி ஒன்று கடைசி வரிசையான 16 ஆம் நிலை அணியிடம் தோற்றது அதுவே முதல் முறை. இடைவேளையில் ஆட்டம் 21-21. பின்தங்கியபோது வேகமாகப் புள்ளி சேர்க்க வழி தெரியவில்லை. வர்ஜீனியாவின் டி'ஆண்ட்ரே ஹண்டர் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவத்தில் பென்னட் பால் ஸ்கிரீன்களை அதிகம் சேர்த்தார். 2019 இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என வென்றார். அவருடைய கார்டுகள் கைல் கை, டை ஜெரோம் இருவரும் மின்னல் வேகக்காரர்கள் அல்லர். தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர்கள். மருந்து வேலை செய்ததற்குக் காரணம் அதுதான்.

இதன் உறவுக்காரரான, பந்தைத் தட்டியபடி கூடைக்குப் பாயும் 'டிரிபிள் டிரைவ்' முறையை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம்: வான்ஸ் வால்பர்க் உருவாக்கி, ஜான் கலிபாரி மெம்ஃபிஸில் 2008 இறுதி ஆட்டம்வரை கொண்டுசென்ற அந்த முறைக்கு டெரிக் ரோஸ் போலத் தட்டிக் கடக்கும் ஒருவர் வேண்டும், அவர் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பந்தில்லாதவரின் ஓட்டம்

இங்கே எண்ணமே வேறு. தட்டிக் கடந்து அனுகூலத்தை உண்டாக்குவதற்குப் பதிலாக, பந்து கைக்கு வருமுன்பே அதை உண்டாக்கிவிடுவது. திரையைச் சுற்றி ஓடிவருபவர் பந்தைப் பிடிக்கும் கணத்தில் அவரைத் தடுப்பவர் ஏற்கெனவே ஓரடி பின்னால். அதன் பிறகு ஒரு தட்டு போதும். சில நேரம் அதுவும் வேண்டாம்.

இதற்கு இரண்டு முகங்கள். பயிற்சியாளர் பீட் கரில் பிரின்ஸ்டனில் வளர்த்தது பொறுமையின் முகம். விளையாட்டு உதவித்தொகையே தராத கல்லூரி அது. 1996 இல் முந்தைய ஆண்டின் சாம்பியன் யூ.சி.எல்.ஏ.வை 43-41 என வீழ்த்தியது. தடுப்பவர் பந்தை மறிக்க முன்னால் பாய்ந்தால், அவர் முதுகுப் பக்கமாகக் கூடைக்கு ஓடிவிடுவது அந்த முறையின் உயிர்நாடி. வெற்றிக்கான கடைசி லே-அப்பும் (கூடையடியிலிருந்து போட்ட எறி) அப்படி வந்ததுதான். இன்னொரு முகம் பயிற்சியாளர் டான் ஹர்லியின் யூகான், அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகம். 2023, 2024 இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம். அந்தத் தேசியப் போட்டிகளின் பன்னிரண்டு ஆட்டங்களிலும் வெற்றி இடைவெளி 13 புள்ளிக்குக் குறையவே இல்லை. ஒரே தாக்குதலில் இரண்டு மூன்று திரைகள் அடுத்தடுத்து வரும். முதல் திரையில் ஏமாறாதவர் மூன்றாவதில் ஏமாறுவார்.

யூகானைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பயிற்சியாளர்கள் அந்தக் கோடுகளைப் பலகையில் வரைந்துவிடுகிறார்கள். வரைவது எளிது. யூகானின் ஸ்டீபன் காசிலும் டோனவன் கிளிங்கனும் 2024 இல் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை எடுத்த தேர்வில் முதல் ஏழு இடங்களுக்குள் போனவர்கள் என்பதைப் பலகை சொல்லாது. இன்னொரு செலவு, காலம். எந்தத் திரையில் எந்தக் கணத்தில் திரும்ப வேண்டும் என்பது ஐவருக்கும் ஒன்றாகப் பழக வேண்டும். வசந்தம் வந்தால் பாதி அணி வேறு கல்லூரிக்குப் போய்விடும் இந்நாளில் அது பெரிய கேட்பு. ஜனவரியில் தடுமாறும் அணிக்கு இதை முழுதாகப் புகுத்தினால் கிடைப்பது பந்து இழப்புகளும், நகர்ந்தபடி திரையிட்டதற்கான ஃபவுல்களுமே.

முதுகைக் காட்டி ஆடுவது

கூடைக்கருகே, கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி ஆடும் போஸ்ட் ஆட்டம் என்றால் உடனே நினைவுக்கு வருபவர் பர்டூவின் ஸாக் ஈடி. 7 அடி 4 அங்குலம். அவரிடம் பந்து போனால் இருவர் ஓடிவந்தாக வேண்டும், அப்போது வெளியே ஒருவர் காலியாவார்; தட்டிக் கடக்காமலேயே தடுப்பு உடைந்துவிடும். இந்த வழியின் பலவீனத்தையும் பர்டூவே இரு முறை காட்டியது. 2023 இல் நாட்டிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணியான ஃபேர்லி டிக்கின்சன், ஈடிக்கு முன்னும் பின்னும் ஆள் நிறுத்திப் பந்து போகவிடாமல் செய்து 63-58 என வென்றது. பர்டூவின் வெளி எறிகள் விழவில்லை. 2024 இறுதி ஆட்டத்தில் யூகான் நேர்மாறாகச் செய்தது: கிளிங்கனைத் தனியாக ஈடியோடு மோதவிட்டு, மற்ற நால்வரையும் எறிபவர்களோடு ஒட்டி நிற்கச் சொன்னது. ஈடி 37 புள்ளிகள் எடுத்தார். பர்டூ மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு மூன்று புள்ளி எறியைப் போட்டு 75-60 எனத் தோற்றது. உள்ளே பந்து போகும் பாதையும் வெளியே எறிபவர்களும் இருந்தால்தான் உயரம் உதவும்.

ஆனால் முதுகைக் காட்டி ஆட சென்டர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? ஜே ரைட்டின் வில்லனோவாவில் அந்த வேலையைச் செய்தவர் ஜேலன் பிரன்சன், ஆறடிக்குச் சற்று மேலே உள்ள பாயிண்ட் கார்டு. தடுப்பவர் மீது முதுகைச் சாய்த்து, மெதுவாகத் தட்டித் தட்டிக் கூடைக்கு அருகே போய், இரு காலும் ஒன்றாக ஊன்றி நின்றுவிடுவார். அதன்பின் பொய் எறி, ஒரு காலில் சுழற்சி, உதவிக்கு ஆள் வந்தால் வெளியே பாஸ். வேகமே தேவையில்லை, தோளும் இடுப்பும் பொறுமையும் வேண்டும். 2018 இல் அந்த அணி அரையிறுதியில் கான்சஸுக்கு எதிராக 18 மூன்று புள்ளி எறிகளைப் போட்டது, பிறகு பட்டமும் வென்றது. பெரும்பாலோர் அந்த எறிகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். எறிபவர்கள் காலியாக நின்றதற்கு ஒரு காரணம் பிரன்சனின் முதுகு.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். கல்லூரி விதியும் இதற்குத் துணை நிற்கிறது. என்.பி.ஏ.வில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே கூடைக்கு முதுகைக் காட்டி ஐந்து வினாடிக்கு மேல் தட்டிக்கொண்டிருக்க முடியாது. கல்லூரி ஆடவர் ஆட்டத்திலோ, தட்டிக்கொண்டிருப்பவரை நெருங்கி நின்று தடுத்தால் ஐந்து வினாடி எண்ணும் பழைய விதியையும் 2015-16 இல் எடுத்துவிட்டார்கள். அவசரமின்றித் தள்ளிக்கொண்டே போகலாம். பேக் லைன் தற்காப்பு முகத்தை நோக்கி ஓடிவருபவரை அடைக்கப் பழகியது. பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவனிடம் எப்போது இரண்டாவது ஆளை அனுப்புவது என்று அது திணறுவதைப் பார்க்கலாம். குறை இல்லாமல் இல்லை: மற்ற நால்வரும் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், ஆட்டம் மெதுவாகும், எதிரே பலமான கார்டு இருந்தால் தள்ளுமுள்ளுதான் மிஞ்சும்.

தவறியதைப் பிடிப்பதும் ஆளை வாங்குவதும்

கெல்வின் சாம்ப்ஸனின் ஹியூஸ்டன் இன்னொரு பதில் சொல்கிறது: நல்ல எறி கிடைக்கவில்லையா, கெட்ட எறியை எறி, தவறியதை நாமே பிடிப்போம். உழைப்பால் ஈடுகட்டும் இந்த வழியை நான் மதிக்கிறேன். எந்த அணியும் நாளைக்கே தொடங்கலாம். ஆனால் ரீபவுண்ட் பிடிக்க முதலில் ஓர் எறி போக வேண்டும். 2025 இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடா 65-63 என முன்னிலையில் இருந்தபோது ஹியூஸ்டனுக்குக் கடைசித் தாக்குதல் கிடைத்தது; எறிய எம்பியவர் முன்னால் ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் பாய்ந்து வர, எறியே போகாமல் ஆட்டம் முடிந்தது.

அந்தக் கிளேட்டன் அயோனா என்ற வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். யூகானின் டிரிஸ்டன் நியூட்டன் ஈஸ்ட் கரோலினாவிலிருந்து வந்தவர். கல்லூரி மாற விரும்பும் வீரர்களுக்காக 2018 இல் தொடங்கிய இடமாற்றப் பதிவேடும், 2021 இல் ஓராண்டு காத்திருக்காமலேயே மாறலாம் என்ற தளர்வும், அதே ஆண்டு வீரர்கள் தம் பெயரால் பணம் ஈட்டலாம் என்ற அனுமதியும் வந்தபின், தட்டிக் கடக்கத் தெரிந்தவரை வாங்கிவிடுவதே மிக நேரான தீர்வாகத் தெரிகிறது. நேரானது உண்மை, எல்லோரும் தேடுவது அதே ஆளைத்தான் என்பதும் உண்மை. பருவத்தின் நடுவே இது கைகொடுக்காது.

எனவே ஜனவரியில் திணறும் அணிக்கு நான் இப்படி வரிசைப்படுத்துவேன். கார்டுகளுக்கு எறி விழுமென்றால் பால் ஸ்கிரீன் முதலில். விழாதென்றால் அதில் ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம். தோள் பலமுள்ள ஒருவரைத் தேர்ந்து முதுகைக் காட்டி ஆட விடலாம், அவர் கார்டாக இருந்தாலும் சரி, பக்கவாட்டு வீரராக இருந்தாலும் சரி. யூகானின் புத்தகத்திலிருந்து இரண்டே இரண்டு திரைகளை மட்டும், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் சும்மா நிற்காமலிருப்பதற்காக, கூடச் சேர்க்கலாம். இருவரை ரீபவுண்டுக்கு அனுப்பலாம். மூவர் அனுப்பினால் எதிரணியின் வேகத் தாக்குதலுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். பிரின்ஸ்டன் முறையைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியமாக, உள்ளே பந்து அனுப்பும் நேரத்தை மாற்ற வேண்டும். முதுகைக் காட்டி ஆடுபவருக்குத் தள்ளிக்கொண்டு போக ஐந்தாறு வினாடி, உதவி ஆள் வந்தபின் பாஸ் வெளியே வந்து இன்னொரு கை மாற மூன்று நான்கு வினாடி தேவை. கடிகாரம் எட்டைக் காட்டும்போது பந்தைக் கொடுத்தால் எந்த வழியும் பழைய வளைந்த எறியில்தான் போய் முடியும். 15 இல் கொடுத்தால், முதல் முயற்சி அடைபட்டாலும் இரண்டாவதுக்கு நேரம் இருக்கும்.