வீட்டைச் சொல்லும் ஆர்ட் ஜர்னல்: தைத்த நோட்டா, தனித் தாள்களா?

வீடு, அடுக்களை, திண்ணை என்று மனசுக்கு இதமான விஷயங்களை வைத்து ஆர்ட் ஜர்னல் (வரைந்தும் ஒட்டியும் நிரப்பும் படக் குறிப்பேடு) போடத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது, நல்ல நோட்டு எங்கே கிடைக்கும் என்பதைத்தான். நோட்டே வேண்டாம் என்பது என் கட்சி. தைத்துக் கட்டிய நோட்டில் சில காலம் போட்டேன். இப்போது எல்லாமே 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாள்களில்தான். ஒவ்வொன்றையும் தனியாக முடித்து, ஓரத்தில் துளையிட்டு, நாடாவில் கோத்து வைக்கிறேன். குமரி மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இதுவே தோது. காரணம் ஈரம். அதற்கு வருகிறேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். 22-க்கு 30 அங்குல முழுத்தாளை எட்டாக வெட்டினால் 11-க்கு 7.5 அங்குலத்தில் எட்டுத் தாள் கிடைக்கும். நோட்டு வாங்கினால் அட்டைக்கும் தையலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். இலவசமாக வரும் டைரியிலும் போடலாம்தான். ஆனால் அந்த மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் சுருளும். இரண்டு மூன்று தாளைச் சேர்த்து ஒட்டி, மேலே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசினால் தாங்கும். கை பழகுவதற்கு அது போதும். எதில் போட்டாலும் சரி, பழைய குடும்பப் படத்தின் அசலை ஒட்டிவிடாதீர்கள். லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இன்க்ஜெட் நகல் என்றால் ஈரப் பசை பட்டதும் மை பரவக்கூடும்.

நோட்டுக்கு ஒரு பெரிய அழகு உண்டு, அதை மறைக்கக் கூடாது. விரித்தால் இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே காட்சியாகும். இடது பக்கம் ஓட்டுக் கூரை, முற்றத்தில் காயும் மரச்சீனி வத்தல். வலது பக்கம் உள்ளே அடுக்களை. நடுவில் வரும் மடிப்பையே நிலைப்படியாக ஆக்கிவிடலாம். தனித் தாளில் இந்த வித்தை நடக்காது. பக்கங்களின் வரிசையும் நோட்டில் கலையாது.

ஆனால் நம் ஊர் மழையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. நமக்கு ஜூனிலேயே தென்மேற்கு பிடித்துக்கொள்ளும். அது ஓய்ந்தால் அக்டோபரில் அடுத்தது வந்து நிற்கும். துவைத்த துணியே கொடியில் கிடந்து நாறுகிற மாதங்கள். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே தாளில் பூஞ்சை பிடிக்க வழியுண்டு. அதோடு அக்ரிலிக் வர்ணம் சேரும்போதுதான் நோட்டுக்குக் கேடு. அக்ரிலிக் காய்வது என்றால், அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் படலமாவது. தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனாலும் புழுக்கத்தில் அந்தப் படலம் கொஞ்சம் இளகியே இருக்கும். நோட்டை மூடினால் எதிரெதிர்ப் பக்கங்கள் முகத்தோடு முகம் அழுந்தும். மேலே நாலு புத்தகத்தை அடுக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பிறகு பிரிக்கும்போது ஒரு பக்கத்து நிறம் உரிந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். பளபளப்புக்காக மீடியம் என்ற நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு பூசிய பக்கங்களில் இது இன்னும் மோசம். ஜெஸ்ஸோவில் சுண்ணத் தூள் கலந்திருப்பதால் அது அவ்வளவாக ஒட்டாது. ஆனால் யார் ஜெஸ்ஸோவோடு நிறுத்துகிறார்கள்?

வீட்டைப் பற்றிய பக்கங்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் நாம் ஒட்டுகிற பொருட்கள் அப்படி. பழைய நேரியலின் (மேல்துண்டின்) கரை, பிய்ந்த ஓலைப்பெட்டியின் ஓரம், மளிகைச் சீட்டு, காய்ந்த பிச்சிப்பூ, எல்லாமே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூவை எவ்வளவு அழுத்திக் காயவைத்தாலும் மழைக்காலத்தில் முதலில் வெள்ளை பூப்பது அங்கேதான். தனித் தாளாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் உருவி, மின்விசிறிக் காற்றில் போட்டு, சரியான பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நோட்டில் பக்கத்துத் தாளுக்கும் பரவிவிடும். ஏட்டுச்சுவடிகளையும் துளையிட்டுக் கயிற்றில்தான் கோத்தார்கள். அவிழ்த்தால் ஒவ்வோர் ஓலையையும் தனியாகத் துடைத்து எண்ணெய் பூச முடியும்.

கடற்கரையில் பொட்டலமாக விற்கும் வண்ண மணலையும் சொல்ல வேண்டும். முற்றம் வரைந்து அதன்மேல் தூவினால் அருமையாக இருக்கும். ஆனால் நோட்டில் அது எதிர்ப் பக்கத்தை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். கருமணலில் இல்மனைட் என்ற தாது இருப்பதால் கனமும் அதிகம். வெறும் பசையில் நிற்காது, கெட்டியான ஜெல் மீடியம் வேண்டும். தனித் தாள் என்றால் மணல் பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டால் தீர்ந்தது.

கோக்கும்போது இரும்பு வளையம் போட்ட ஃபைல் வாங்காதீர்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் வளையம் துருப்பிடித்து, துளையைச் சுற்றிச் செங்கறை இறங்கும். பருத்தி நாடா போதும். துளைக்குப் பின்னால் சின்னத் துணித் துண்டு ஒட்டினால் கிழியாது. வரிசை கலையாமலிருக்க, தாளின் பின்பக்கம் பென்சிலில் எண் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பசை. மைதாப் பசை மலிவு, தாளும் அதிகம் விறைக்காது. ஆனால் மாவு என்றால் இராமபாணப் பூச்சி தேடி வரும். பைண்டிங் செய்கிறவர்கள் அதற்குத்தான் மயில்துத்தம் கலப்பார்கள். துத்தம் விஷம்; பிள்ளைகள் கை வைக்கிற பக்கங்களுக்கு நான் சேர்க்க மாட்டேன், வெள்ளைப் பசையே போதும்.

இவ்வளவும் தக்கலைப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று வறண்டது, மழையும் குறைவு. அங்கே நோட்டும் நன்றாகவே தாங்கக்கூடும். அக்ரிலிக்கே தொடாமல் வாட்டர்கலரும் பேனாவும் மட்டும் போதும் என்பவர்களுக்கும் ஒட்டுகிற பிரச்சினை இல்லை. ஆயில் பேஸ்டலில் எனக்குப் பழக்கம் குறைவு. அது எதிர்ப் பக்கத்தில் ஈஷும் என்பது வரை பார்த்திருக்கிறேன்.

இல்லை, எனக்கு நோட்டுதான் வேண்டும், அந்த நிலைப்படி மடிப்பை விட மனசில்லை என்றால், மூன்று தாளுக்கு ஒன்று வீதம் தையலோரம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். அப்போதுதான் துணியும் ஓலையும் ஒட்டிய பிறகும் அட்டை மூடும். பக்கம் நன்றாகக் காய்ந்ததும் மேலே மெழுகு லேசாகத் தேய்த்து, பருத்தித் துணியால் துடையுங்கள். நடுவில் கேக் சுடும்போது விரிக்கிற, சிலிக்கான் பூசிய பேக்கிங் (baking) பேப்பர் வையுங்கள், வர்ணம் அதில் ஒட்டாது. நோட்டைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாமல், நிறுத்தி வையுங்கள். மழை மாதங்களில் அவ்வப்போது எடுத்துப் பக்கங்களை விசிறிவிடுங்கள்.