கல்லாவில் எந்த க்யூஆர்: ஒட்டியதா, பில்லுக்குப் பில் மாறுவதா?

ஒட்டிய க்யூஆரில் கடையின் யுபிஐ ஐடியும் பெயரும்தான் இருக்கும்; தொகையை வாடிக்கையாளரே தட்ட வேண்டும். 450க்குப் பதில் 45 வருவது இதில்தான். பில்லுக்குப் பில் திரையில் வரும் க்யூஆரில் தொகையும் பில் எண்ணும் சேர்ந்தே இருக்கும். ராத்திரி கணக்கு முடிக்கத் தடுமாற வேண்டாம். ஆனால் அதற்குத் திரையுள்ள கருவியும் பில்லிங் மென்பொருளும் வேண்டும். மளிகைக்கும் மருந்துக்கடைக்கும் அந்தச் செலவு தகும். டீக்கடைக்கு ஒட்டியதே போதும்.

ஒட்டியதன் பெரிய ஆபத்து, அதன் மேலேயே வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது. ஸ்கேன் ஆகும், பணமும் போகும், உங்கள் கணக்குக்கு மட்டும் வராது. கடை திறந்ததும் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். உங்கள் போனில் ஸ்கேன் செய்து, வரும் பெயரைப் படியுங்கள். அட்டையைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தால் இன்னும் நல்லது. அச்சடிக்கும்போது சுற்றிலும், க்யூஆரில் உள்ள சின்னச் சதுரக் கட்டங்களில் 4 கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விடுங்கள். அதை வெட்டினால் கேமரா திணறும்.

எந்த வகையானாலும், பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வரும்" என்பவர் உங்கள் பணத்தை எடுக்கத்தான் பார்க்கிறார். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் சவுண்ட்பாக்ஸ் சொன்ன பிறகோ, உங்கள் ஆப்பில் வரவு தெரிந்த பிறகோ சரக்கைக் கொடுங்கள்.