லினக்ஸுக்குள் எக்ஸ்பி, எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கர்: கீபோர்டோடு சில வருடங்கள்

தண்டையார்பேட்டையில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ்தான் பிழைப்பு. பழைய ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கர் 7-இல், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கவே லினக்ஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் உள்ளே நெட் கொடுப்பதில்லை. வேகத்தில் குறையில்லை. மண்டையைக் காயவைத்தது கீபோர்டுதான்.

"இன்னாண்ணே, இந்த கண்ட்ரோல் பூட்டுச்சா?" என்று கடைப் பையன் கேட்டது வலப்பக்கக் கண்ட்ரோலை. அது நன்றாகத்தான் இருந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் அந்த கீயை 'ஹோஸ்ட் கீ' என்று தனக்கே வைத்துக்கொள்ளும், உள்ளே விடாது. செட்டிங்ஸில் இன்புட் பகுதிக்குப் போய், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்குக்கு மாற்றினோம். முடிந்தது.

ஆல்ட் எண்கள் அத்தனை சுலபமில்லை. பழைய எழுத்துருக்களில் சில எழுத்துகள் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 0-வில் தொடங்கும் எண்ணைத் தட்டினால்தான் வரும். அதுவும் நம்பர் பேடில்தான் தட்ட வேண்டும். வெளியே லினக்ஸில் நம் லாக் (Num Lock) விளக்கு எரியும், உள்ளே எக்ஸ்பியில் அணைந்திருக்கும். எழுத்துக்குப் பதில் கர்சர் ஓடும். உள்ளே கிளிக் செய்துவிட்டு நம் லாக்கை ஒருமுறை தட்டிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

ஒரு கீ வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது லினக்ஸைத்தான், எக்ஸ்பியை அல்ல. ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றில் கீபோர்டே துருப்பிடித்திருக்கலாம் என்பது தனிக்கதை. டெர்மினலில் எக்ஸ்இவி (அழுத்திய கீயின் எண்ணைக் காட்டும் சின்ன நிரல்) ஓட்டி அந்த கீயை அழுத்துவேன். எண் வந்தால் கீயும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் சரி. வராவிட்டால் டெஸ்க்டாப் ஷார்ட்கட் எதுவோ விழுங்குகிறது, அல்லது கெர்னலுக்கே அந்த கீ தெரியவில்லை. தெரியாத கீ என்றால் டிமெசேஜில், அதாவது கெர்னலின் பதிவில், கெர்னலே புலம்பியிருக்கும், கீக்கு எண் கொடுக்கும் செட்கீகோட்ஸ் கட்டளையைப் போடச் சொல்லி யோசனையும் தரும். ஒரு நுணுக்கம்: எக்ஸ்இவி காட்டும் எண் கெர்னலின் எண்ணைவிட 8 அதிகம், எக்ஸ் (லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் மென்பொருள்) 255-க்கு மேல் போகாது. மைக் மியூட் கீ கெர்னலில் 248. கூட்டினால் 256, வாசலிலேயே நின்றுவிடும். அதனால்தான் பலரும் அதை எஃப்20 ஆக மாற்றிக்கொள்கிறார்கள்.

என்னை ரொம்ப அலைக்கழித்தது பெரம்பூர் நண்பர் ஒருவரின் க்யூஇஎம்யூ, விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியே இன்னொன்று. அதன் திரையை விஎன்சி (தூரத்திலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் வழி) வழியாகத் திறந்தால் பாதி எழுத்து வராது. பதிவில் 'கீசிம் 16780165-க்கு ஸ்கேன்கோடு இல்லை' என்ற பொருளில் ஒரு வரி. கீசிம் என்பது எழுத்தின் எண், ஸ்கேன்கோடு என்பது கீயின் இடத்துக்கான எண். யூனிகோடு எழுத்து என்று காட்டக் கூட்டப்படும் 16777216-ஐக் கழித்தால் 2949, அதாவது யூனிகோடில் 'அ'. நண்பர் வெளியே தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் போட்டிருந்தார். அவர் பயன்படுத்திய விஎன்சி கிளையண்ட் (பார்க்கும் நிரல்) எந்த இடத்து கீ என்று சொல்லாமல் 'அ' என்றே அனுப்புகிறது. உள்ளிருக்கும் பிஎஸ்/2 கீபோர்டுக்கோ இடம் மட்டுமே தெரியும், எழுத்து தெரியாது. முகவரி கேட்ட தபால்காரரிடம் ஆள் பேரை மட்டும் சொன்ன கதை. வெளியே ஆங்கிலம், தமிழ்99 உள்ளே மட்டும் என்று வைத்ததும் சரியானது. ஸ்கேன்கோடையே அனுப்பத் தெரிந்த கிளையண்டாக இருந்தால், க்யூஇஎம்யூ தொடங்கும் வரியில் கீமேப் (எந்த மொழிக் கீபோர்டு என்று சொல்லும்) ஆப்ஷனே வேண்டாம்.

எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு கீயை இடம் மாற்ற ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்கேன்கோட் மேப்' உண்டு. ஷார்ப்கீஸ் என்ற இலவச நிரல் அதைத்தான் எழுதுகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் பிடிக்கும்.

இன்னும் தீராதது பிரிண்ட் ஸ்க்ரீன். லினக்ஸ் டெஸ்க்டாப்பே பிடித்துக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் அனுப்ப அந்த ஷார்ட்கட் வெளியே தேவை, எடுக்க மனமில்லை. எக்ஸ்பிக்குள் வேண்டும்போது விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-இல் வந்த சாஃப்ட் கீபோர்டைத் திறந்து மவுஸால் கிளிக் செய்துகொள்கிறோம்.