மாதச் சந்தாவா, மஞ்சள் டப்பாவா: செல்பேசி எட்டாத சாலைக்கு எதை எடுத்துப் போவது?

தெற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளும் மண் சாலைக்கு ஊட்நடாட்டா டிராக் என்று பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலைப் பள்ளி விடுமுறையில், அந்தச் சாலைக்குள் நுழைவதற்கு முன்னால் என் செயற்கைக்கோள் மெசஞ்சரை எடுத்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். போகவில்லை. வெட்டவெளியில் வைத்து அனுப்பினேன். அப்போதும் போகவில்லை. காரணம் தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. சந்தா கட்டிவந்த வங்கி அட்டை காலாவதியாகி, புது அட்டை வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மின்சாரம், இணையம், பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் புது எண்ணைக் கொடுத்தவன், உயிர் காக்கும் கருவிக்கு மட்டும் கொடுக்க மறந்துவிட்டேன். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் மூன்று வந்து, நான் எட்டிப்பார்க்காத ஒரு கோப்புறையில் கிடந்தன.

மர்ரீயில் செல்பேசிச் சமிக்ஞை இருந்ததால் பிழைத்தேன். பிள்ளைகள் அங்கே நிற்கும் பழைய கான் ரயில் எஞ்சின்களை மூன்று முறை சுற்றிவந்து, கொண்டுபோன முறுக்கையும் தின்று முடித்த பிறகு சேவை மீண்டும் உயிர்பெற்றது. வீடு திரும்பிய வாரமே பிஎல்பி எனப்படும் தனிநபர் அவசர பீக்கன் ஒன்றை, ஆபத்தில் உதவி கேட்டுக் கத்தும் ஒரு மஞ்சள் டப்பாவை, வாங்கினேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது இல்லை. நான் பீக்கன் கட்சி.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெசஞ்சர் என்பது கார்மின் இன்ரீச் போன்றவை. உள்ளங்கை அளவு, ஏறக்குறைய 100 கிராம் எடை. இரிடியம் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். வீட்டில் இருப்பவர்கள் வரைபடத்தில் நம் வண்டி நகர்வதைப் பார்க்கலாம். எஸ்ஓஎஸ் பொத்தானும் உண்டு. பீக்கனுக்கு ஒரே வேலைதான். ஆன்டெனாவை நிமிர்த்திப் பொத்தானை அழுத்தினால் ‘இந்த எண்ணுள்ள கருவி, இந்த இடத்தில், ஆபத்தில் இருக்கிறது’ என்று 406 மெகாஹெர்ட்ஸில் கத்தும். ஐபோன் 14 முதல் வந்த ஃபோன்களிலும் செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் வசதி இருக்கிறது. 2023 மே மாதத்திலிருந்து ஆஸ்திரேலியாவிலும் அது வேலை செய்கிறது. நல்லதுதான். ஆனால் பாட்டுக்கும் படத்துக்கும் வழிகாட்டிக்கும் பயன்பட்டு மாலைக்குள் சார்ஜ் தீரும் பொருளை நான் கடைசி நம்பிக்கையாக வைத்துக்கொள்ள மாட்டேன்.

எஸ்ஓஎஸ் எங்கே போய்ச் சேர்கிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. பீக்கனின் குரல் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அரசு அமைப்பின் வழியே நேராகக் கான்பராவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகிறது. கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே கைகோத்துத் தொடங்கிய அமைப்பு அது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்திலிருந்து மூன்று பேர் காப்பாற்றப்பட்டார்கள். அவர்களின் சிக்னலைப் பிடித்தது ஒரு சோவியத் செயற்கைக்கோள். இன்ரீச்சின் அழைப்பு முதலில் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள தனியார் மையத்துக்குப் போய், அவர்கள் இங்குள்ள அதிகாரிகளை அழைப்பார்கள். அந்த ஏற்பாடு மோசமானது என்று சொல்ல மாட்டேன், பலரைக் காப்பாற்றியிருக்கிறது. பீக்கன் 5 வாட் திறனில், சுமார் 50 நொடிக்கு ஒரு முறை அனுப்பும். தேடி வரும் ஹெலிகாப்டர் பக்கத்தில் நெருங்க உதவ 121.5 மெகாஹெர்ட்ஸில் தனியாக ஒரு சமிக்ஞையும் உண்டு. கடுங்குளிரிலும் குறைந்தது 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி.

என்னைப் பொறுத்தவரை, முடிவு செய்தது இவற்றில் எதுவும் இல்லை. பராமரிப்புதான் முடிவு செய்தது.

ஆண்டில் இரண்டு முறை, மொத்தம் மூன்று வாரம் ஊருக்கு வெளியே போகிறவன் நான். மீதி நாற்பத்தொன்பது வாரம் கருவி அலமாரி இழுப்பறையில், பழைய சார்ஜர்களுக்கும் பிறந்தநாள் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே கிடக்கும். அந்த நாற்பத்தொன்பது வாரத்தை யார் நன்றாகத் தாங்குகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மெசஞ்சரை எடுத்தால் அதற்குச் சார்ஜ் வேண்டும். அதற்கான வயர் எங்கே என்று தேட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு காத்திருக்கும். செயலியின் கடவுச்சொல் மறந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே சந்தா. பயணம் இல்லாத மாதங்களில் சந்தாவை நிறுத்திவைக்கலாமே என்பார்கள். நிறுத்தியதை நினைவாகத் திரும்பத் தொடங்குகிறவர்களுக்கு அது வசதி, என்னைப் போன்றவர்களுக்கு அது கண்ணி. நிறுத்தாமலே கட்டினால்? மாதம் 20 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு ஆண்டில் 1,680 டாலர், கருவியின் விலை தனி.

பீக்கனுக்கு நான் கொடுத்தது சுமார் 350 டாலர். சந்தா கிடையாது. உள்ளே இருப்பது சார்ஜ் செய்யாத லித்தியம் பேட்டரி. காலாவதி மாதமும் ஆண்டும் டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும். என்னுடையதற்கு ஏழு ஆண்டு. அதுவரை அது இழுப்பறையில் சும்மா தூங்கலாம்.

இதற்கும் சில கடமைகள் உண்டு. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இலவசம்தான், ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உறுதிப்படுத்த வேண்டும். பயணத்துக்கு முன்பு சோதனைப் பொத்தானை அழுத்தி விளக்கு மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் சோதனையை மட்டும் ஆசைக்கு அழுத்திப் பார்க்கக் கூடாது, அது பேட்டரியைத் தின்னும். காலாவதியான பிறகு பேட்டரி மாற்றும் செலவே புதிய கருவியின் விலையில் பெரும்பகுதி ஆகிவிடுவதால் பலர் புதிதே வாங்கிவிடுகிறார்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். குப்பை மேட்டில் நசுங்கிப் பொத்தான் அழுந்தி, ஹெலிகாப்டர் தேடி வந்த கதைகள் இங்கே உண்டு. பேட்டரிக் கடைகளில் கேட்டால் முறைப்படி வாங்கிக்கொள்கிறார்கள்.

பதிவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத் தொடர்புக்கு மெல்போர்னில் இருக்கும் என் மைத்துனரின் எண்ணைக் கொடுத்திருந்தேன். பீக்கன் இயங்கினால் மீட்பு மையம் முதலில் கூப்பிடுவது இந்த எண்ணைத்தான். உண்மையிலேயே ஆபத்தா, எத்தனை பேர் போயிருக்கிறார்கள், எந்த வண்டி என்று கேட்பார்கள். மைத்துனரோ தெரியாத எண் வந்தால் எடுப்பதே இல்லை என்று கொள்கை வைத்திருப்பவர். “விளம்பரக்காரன் என்று நினைத்து வெட்டிவிடுவேனே மாப்பிள்ளை” என்றார் சிரித்துக்கொண்டே. இப்போது என் தங்கையின் எண்ணும் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும் இருக்கின்றன. பயணத் திட்டத்தின் நகல் அந்த இருவரிடமும் உண்டு.

மெசஞ்சருக்கு நான் தலைவணங்கும் இடம் ஒன்று இருக்கிறது. போன முறை கவர்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டி டயர் கிழிந்தது. மாற்று டயரைப் போட்டுவிட்டுப் பார்த்தால் அதிலும் காற்று குறைவு. உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. தண்ணீர் நாற்பது லிட்டர் இருந்தது, குளிர்காலம். பீக்கன் என்பது உயிர் போகும் நெருக்கடிக்கு மட்டும்தான், பஞ்சருக்கு அழுத்தக் கூடாது. மெசஞ்சரையும் கையோடு கொண்டுவந்திருந்தால் ‘டயர் வேண்டும், நலமாக இருக்கிறோம்’ என்று ஒரு வரி தட்டியிருப்பேன். முன் இருக்கையில் இருந்த அத்தை மஞ்சள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் அவர்கள் சொல்வதைக் கேட்க முடியாதா?” என்றார். முடியாது. புதிய பீக்கன்கள் சிலவற்றில் அழைப்பு பதிவாகிவிட்டது என்று ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள் வழியாக ஒரு விளக்கு மின்னும், அவ்வளவுதான். என்னுடையதில் அதுவும் இல்லை.

அந்த ஓட்டையை நான் யுஎச்எஃப் வானொலியால், அதாவது வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் இருவழி வானொலியால், அடைத்திருக்கிறேன். சேனல் 40இல் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று நாற்பது நிமிடம் கூப்பிட்ட பிறகு ஒரு கால்நடைப் பண்ணைக்காரர் பதில் சொன்னார், காற்றடிக்கும் பம்ப்போடு வந்தார். ஆள் நடமாட்டம் இல்லாத தடத்தில் தனியாக நடக்கிறவருக்கு இந்த வழி உதவாது. அவருக்கு மெசஞ்சர்தான் மேல் என்று வாதிட்டால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அடிக்கடி போகிறவர்கள், வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. இரண்டையும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பணமும் ஞாபகசக்தியும் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் பீக்கனை நிஜமாக அழுத்தியதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவம் முழுவதும் வானம் தொடுவானம் வரை திறந்திருக்கும் சமவெளியில்தான். குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரத்தடியிலும் இரண்டு கருவிக்குமே வானம் மறையும்.

இந்தியாவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் மெசஞ்சரை அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோவது குற்றம். பையில் மறந்துபோய் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கில் சிக்கியிருக்கிறார்கள். நான் பீக்கனையும் இங்கேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

மெசஞ்சரைப் போன மாதம் விற்றேன், வாங்கிய விலையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. வாங்க வந்த இளைஞர் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலைக்குப் போகிறாராம். முதலில் கேட்ட கேள்வியே “உங்கள் கணக்கிலிருந்து இதை விடுவித்துவிட்டீர்களா?” என்பதுதான். விடுவித்திருக்கவில்லை. அவரை வாசலில் நிற்கவைத்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தேட உள்ளே போனேன்.